முதல் சம்பளத்தில் ஓய்வூதியக் கணக்கு: 25 வயதில் என்பிஎஸ் தொடங்கினால் பணத்தை எதில் போடுவது?

தென்காசி மாவட்டம் கடையநல்லூரில் 24 வயதில் ஒருவருக்கு முதல் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கும் வேலை, மாதம் 18 ஆயிரம் ரூபாய் சம்பளம். முதல் மாதமே வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நகைச்சீட்டு போடச் சொல்வார் ஒருவர். ஊருக்கு வெளியே ரெண்டு சென்ட் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்வார் இன்னொருவர். தெரிந்த எல்ஐசி ஏஜென்ட் அண்ணாச்சி வாசலிலேயே நிற்பார்.

அறுபது வயதுக்குப் பிறகு எப்படிச் சாப்பிடப் போறோம்னு அந்த வயதில் யாரும் யோசிக்கிறதில்லை. யோசிக்கிற சிலரும் கணக்கைத் தொடங்கும்போது ஒரு பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். 'ஆக்டிவ் சாய்ஸா, ஆட்டோ சாய்ஸா? ஈ எத்தனை சதவீதம், சி எத்தனை, ஜி எத்தனை?' என்று கேட்கும் பக்கம் அது. புரியாமல் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வெளியே வருபவர்கள்தான் அதிகம். அந்த ஒரு தட்டு 35 வருடத்தில் பல லட்ச ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்கும்.

அந்தப் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள், இளம் வயதினர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், பிஎஃப் இருக்கா?

தனிக் கணக்கு தொடங்கும் முன் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவாக ஊழியர் வருங்கால வைப்பு நிதி சட்டத்துக்குள் வரும். அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் 12 சதவீதம் போட்டால், நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். நிறுவனம் போடுவதில் ஒரு பகுதி பென்ஷன் திட்டத்துக்குப் போகும். 2024-25 நிதியாண்டுக்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். ரிஸ்க் இல்லாமல் இந்த அளவுக்கு வட்டி வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

பிஎஃப் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வேலை மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்துவிடுவது. கோவையில் இரண்டு வருடம், சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழித்தால் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. பென்ஷன் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 வருட சேவை வேண்டும். அதுவும் போய்விடும். யுஏஎன் எண் ஒன்றுதான், புது வேலையில் அதையே கொடுத்தால் போதும்.

கடையநல்லூர் மாதிரி ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. சின்னக் கடைகள், ஒர்க்‌ஷாப், தறிக்கூடம், சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர்கள், டெலிவரி வேலை செய்பவர்கள் என்று பிஎஃப் வளையத்துக்குள் வராதவர்கள் நிறைய. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களுக்கும் அங்கே பென்ஷன் கிடையாது. வேலையை விட்டுத் திரும்பும்போது கிராஜுவிட்டி என்று ஒரு மொத்தத் தொகை கொடுப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் என்பது கணக்கு. வீடு கட்டிய கடனுக்கே அது சரியாகப் போய்விடும்.

இதே ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் போய்வரும் சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 1955-லிருந்து சிபிஎஃப் இருக்கிறது. 55 வயது வரை ஊழியர் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் என்று கட்டாயப் பிடித்தம். ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஒர்க் பெர்மிட்டில் போனவர்களுக்கு இல்லை.

இப்படி யாரும் பிடித்தம் செய்யாத நிலையில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரு கணக்கைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

என்பிஎஸ் என்றால் என்ன?

தேசிய ஓய்வூதியத் திட்டம். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. 2009 மே 1 முதல் எல்லா இந்தியக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பிஎஃப்ஆர்டிஏ என்ற ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கண்காணிக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியர்களும் தங்கள் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வழியாகச் சேரலாம். துபாயிலோ ரியாத்திலோ இருப்பவர்களுக்கு இது முக்கியமான விஷயம்.

ஆதார், பான், வங்கிக் கணக்கு இருந்தால் ஆன்லைனிலேயே தொடங்கலாம். வங்கிக் கிளைகளிலும் முடியும். 12 இலக்க 'பிரான்' எண் கிடைக்கும். வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த எண் மாறாது. 500 ரூபாயில் தொடங்கலாம், வருடத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் போட வேண்டும். முதல் அடுக்குக் கணக்குதான் ஓய்வூதியக் கணக்கு. இரண்டாம் அடுக்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்பு மாதிரி, இப்போதைக்கு அதை மறந்துவிடலாம்.

பிஎஃப் மாதிரி இதில் வட்டி அறிவிக்க மாட்டார்கள். சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால்தான் எதில் போடுவது என்ற கேள்வியே வருகிறது.

ஈ, சி, ஜி: மூன்று கூடைகள்

ஈ என்பது பங்குகள். பெரிய நிறுவனங்களின் பங்குகளில் பணம் போகும். ஏற்ற இறக்கம் அதிகம், நீண்ட காலத்தில் வளர்ச்சியும் அதிகம் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் போடுவது. சி என்பது நிறுவனங்கள் வாங்கும் கடன் பத்திரங்கள். ஜி என்பது அரசுப் பத்திரங்கள். அரசே கடன் வாங்குவதால் பணம் திரும்பி வராமல் போகும் பயம் இல்லை. ஆனாலும் வட்டி விகிதம் மாறும்போது இதன் மதிப்பும் கொஞ்சம் ஏறி இறங்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆக்டிவ் சாய்ஸ் எடுத்தால் எந்தக் கூடையில் எவ்வளவு என்று நாமே சொல்ல வேண்டும். ஈ-யில் அதிகபட்சம் 75 சதவீதம். சி, ஜி இரண்டிலும் 100 வரை போகலாம்.

ஆட்டோ சாய்ஸ் எடுத்தால் வயதைப் பார்த்துக் கணக்கே தானாக மாற்றிக்கொள்ளும். எல்சி 75 என்றால் 35 வயது வரை பங்கில் 75 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறைந்து 55 வயதில் 15 சதவீதம். எல்சி 50 என்றால் 35 வயது வரை 50 சதவீதம், 55-ல் 10 சதவீதம். எல்சி 25 என்றால் 25-ல் தொடங்கி 5-ல் முடியும். 2024-ல் இன்னொரு வகையும் வந்தது. அதில் 45 வயது வரை பங்கு 50 சதவீதமாகவே இருந்து, 55-ல் 35 சதவீதத்துக்கு வரும்.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் எல்சி 50-க்குப் போய்விடும். அதாவது 24 வயதுக்காரர் யோசிக்காமல் தட்டினால் பாதிப் பணம்தான் பங்குக்குப் போகிறது. இது மோசமான தேர்வு இல்லை. ஆனால் 36 வருடம் காத்திருக்கக்கூடியவருக்கு இது கொஞ்சம் அதிகமான ஜாக்கிரதை.

இளம் வயதில் பங்கு ஏன்?

'சின்ன வயசு, ரிஸ்க் எடுக்கலாம்' என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். காரணம் எளிமையானது. 25 வயதில் கணக்கில் இருப்பதே 50 ஆயிரம்தான் என்றால், சந்தை பாதியாக விழுந்தாலும் நஷ்டம் 25 ஆயிரம். அதற்குப் பிறகு 35 வருடச் சம்பளம் பாக்கி இருக்கிறது, அந்தப் பணம் விலை குறைந்த பங்குகளை வாங்கும். 58 வயதில் 70 லட்சம் வைத்திருப்பவருக்கு அதே வீழ்ச்சி 35 லட்சம். ஈடுகட்ட இரண்டு வருடம்தான் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 25 வயதிலிருந்து 60 வரை மாதம் 2,000 ரூபாய் போட்டால், கையிலிருந்து போகும் மொத்தப் பணம் 8 லட்சத்து 40 ஆயிரம். வருடத்துக்கு 7 சதவீதம் வளர்ந்தால் அது சுமார் 36 லட்சம் ஆகும். 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 76 லட்சம். மூன்று சதவீத வித்தியாசம் தொகையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. இதே 10 சதவீதத்தில் 35 வயதில் தொடங்கினால் கிடைப்பது சுமார் 26 லட்சத்து 50 ஆயிரம்தான். (10 சதவீதம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருவதாகச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.)

76 லட்சம் என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 35 வருடம் கழித்து அந்த 76 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 10 லட்சம். விளம்பரங்களில் இந்த வரி மட்டும் வராது. பங்குச்சந்தைக்கே போகாமல் 7 சதவீதத்தில் கிடைத்த 36 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஐந்து லட்சம்கூட இல்லை. 'பத்திரமா இருக்கு' என்று நினைக்கும் பணமும் இப்படித்தான் சத்தமில்லாமல் கரைகிறது.

இதற்கு ஒரு வழி, சம்பளம் கூடும்போது போடும் தொகையையும் கூட்டுவது. அதே 2,000 ரூபாயை ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம் மட்டும் கூட்டிக்கொண்டே போனால், 10 சதவீத வளர்ச்சியில் 60 வயதில் சுமார் 1 கோடியே 24 லட்சம் வரும். கடைசி வருடத்தில் மாதம் போடுவது 10,500 ரூபாய் அளவில் இருக்கும். அப்போதைய சம்பளத்துக்கு அது பெரிய தொகையாகத் தெரியாது.

அப்போ மொத்தத்தையும் பங்கில் போட்டுடலாமா?

2025 அக்டோபர் 1 முதல் அதற்கும் வழி வந்துவிட்டது. அரசு ஊழியர் அல்லாதவர்கள் 100 சதவீதம் வரை பங்கில் போடும் திட்டங்களை ஓய்வூதிய நிதி நிறுவனங்கள் கொண்டுவரலாம் என்று அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் முடிவெடுக்கும் முன் இரண்டு சம்பவங்களைப் பார்க்க வேண்டும்.

2020 ஜனவரியில் சென்செக்ஸ் 42 ஆயிரத்தைத் தொட்டது. கொரோனா வந்தது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26 ஆயிரத்துக்குக் கீழே முடிந்தது. பயந்துபோய் அந்த வாரம் பங்கிலிருந்து அரசுப் பத்திரத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள் நஷ்டத்தைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களுக்கு நவம்பரிலேயே சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

இதைச் சொல்லித்தான் பலரும் 'சந்தை எப்பவும் திரும்பி வரும்' என்பார்கள். ஜப்பான்காரர்களிடம் இதைச் சொல்ல முடியாது. அங்கே நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளிகளில் உச்சத்தில் இருந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம். 1989-ல் 26 வயதில் இருந்தவர் 60 வயதாகும்போதுதான் குறியீடு பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. மாதாமாதம் போட்டவர்கள் நடுவில் குறைந்த விலையிலும் வாங்கியிருப்பார்கள், டிவிடெண்டும் வந்திருக்கும், அதனால் அவர்கள் நிலை அவ்வளவு மோசம் இல்லை. என்றாலும் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

எனவே முதல் கணக்கு தொடங்கும் 25 வயதுக்காரருக்கு எல்சி 75 பொருத்தமாக இருக்கும். பங்கு போதுமான அளவு இருக்கிறது, வயதாக ஆக அதுவே குறைத்துக்கொள்கிறது, நாம் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது 36 வயதிலேயே பங்கைக் குறைக்கத் தொடங்குவது சீக்கிரம் என்று நினைப்பவர்கள் ஆக்டிவ் சாய்ஸில் 75 சதவீதம் ஈ, மீதியை ஜி அல்லது சி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் 50 வயதில் நினைவாகக் குறைக்க வேண்டும். நாம் அதைச் செய்வோமா என்று நம்மையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. சந்தை விழுந்த அன்று ராத்திரி தூக்கம் வராது என்று தெரிந்தவர்களுக்கு எல்சி 50 போதும். 2020 மார்ச் மாதிரி ஒரு நாளில் பயந்து வெளியே வருவதைவிட, குறைந்த பங்கில் தொடர்ந்து இருப்பது லாபம்.

தேர்ந்தெடுத்தது பிடிக்கவில்லை என்றால்? நிதியாண்டுக்கு நான்கு முறை வரை விகிதத்தை மாற்றலாம். எஸ்பிஐ, எல்ஐசி, யுடிஐ, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, கோட்டக் என்று பல நிதி மேலாளர்கள் இருக்கிறார்கள். மேலாளரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். போன வருடம் யார் முதலிடம் என்று பார்த்து மாறிக்கொண்டே இருப்பதில் பயன் குறைவு. பங்கு எத்தனை சதவீதம் என்பதுதான் பெரிய முடிவு. மேலாளர் யார் என்பது அதற்கு அடுத்துத்தான்.

வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு?

கடையநல்லூரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சி, ஜி இரண்டுமே வட்டி தரும் பத்திரங்கள். ஈ-யிலும் வங்கிப் பங்குகள் கலந்திருக்கும். முழுவதும் பங்குத் திட்டம் எடுத்தாலும் ஷரியா அடிப்படையில் நிறுவனங்களை வடிகட்டுவது என்பது தனி வேலை. அந்த வடிகட்டலைச் செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள் இந்தியாவில் இருக்கின்றன. டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட் இரண்டும் இந்த வகை. இவை ஓய்வூதியக் கணக்கு இல்லை, 60 வயது வரை பூட்டும் கிடையாது. அவசரத்துக்கு எடுக்கலாம் என்பது வசதி. தங்கச்சி கல்யாணத்துக்கு, வண்டி வாங்க என்று எடுத்துவிடலாம் என்பதுதான் ஆபத்தும். முழுக்க முழுக்கப் பங்கு என்பதால் 50 வயதுக்கு மேல் என்ன செய்வது என்ற திட்டமும் வேண்டும். மார்க்க ரீதியான முடிவை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பணத்தை எப்போது எடுக்கலாம்?

முன்பு 60 வயதில் 60 சதவீதத்தை மொத்தமாக எடுக்கலாம், 40 சதவீதத்துக்கு மாத ஓய்வூதியம் தரும் ஆனுவிட்டி வாங்க வேண்டும் என்று இருந்தது. 2025 டிசம்பரில் வந்த திருத்தத்தில் அரசு ஊழியர் அல்லாதவர்கள் 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம், 20 சதவீதத்துக்கு ஆனுவிட்டி வாங்கினால் போதும் என்று மாறியது. மொத்தத் தொகை 8 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். இறந்துவிட்டால் நாமினிக்கு முழுத் தொகையும் போகும். நாமினி பெயரை எழுதாமல் விடுவது இன்னும் நடக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றாமல் விடுவது அதைவிட அதிகம்.

ஆனுவிட்டி எவ்வளவு தரும்? 76 லட்சத்தில் 20 சதவீதம் என்றால் 15 லட்சத்து 20 ஆயிரம். வருடத்துக்கு 6.5 சதவீதம் கிடைப்பதாக வைத்தால் மாதம் சுமார் 8,200 ரூபாய். அதுவும் 35 வருடம் கழித்து. அதனால் மொத்தமாகக் கையில் வரும் 80 சதவீதத்தை வைத்து வீட்டுக்கு மாடி கட்டிவிட்டால் பென்ஷனே இல்லாத நிலைதான். புது விதி சுதந்திரம் கொடுத்திருக்கிறது. அதைக் காப்பாற்றும் வேலையும் நம் தலையில்தான் விழுந்திருக்கிறது.

வரிச்சலுகை பற்றி ஒரு வார்த்தை. கூடுதலாக 50 ஆயிரம் ரூபாய் கழிவு என்று சொல்லிக் கணக்கு விற்பார்கள். அது பழைய வருமான வரி முறையில்தான். புதிய முறையில் நாம் போடும் பணத்துக்குக் கழிவு இல்லை, நிறுவனம் நம் சார்பில் போட்டால் மட்டும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை உண்டு. மாதம் 18 ஆயிரம் வாங்குபவருக்கு எந்த முறையிலும் வரியே வராது. வரிக்காக இதைத் தொடங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அடல் பென்ஷன் போதாதா?

2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தால், 60-க்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உத்தரவாதமான ஓய்வூதியம். 5,000 ரூபாய்க்கு 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210, 25 வயதில் 376, 40 வயதில் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சேர முடியாது. உத்தரவாதம் என்பது நல்ல விஷயம். ஆனால் விலைவாசியோடு அந்த 5,000 ஏறாது. 35 வருடம் கழித்து அது இன்றைய 650 ரூபாய் மாதிரி இருக்கும். தினக்கூலிக்காரருக்கு இது ஒரு தொடக்கம். மாதச் சம்பளக்காரர் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

எல்ஐசி உள்ளிட்ட நிறுவனங்களின் எண்டோமென்ட் பாலிசிகளில் பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான் கிடைக்கிறது. குடும்பம் நம்பி இருக்கிறதென்றால் டெர்ம் இன்சூரன்ஸைத் தனியாக எடுத்துக்கொண்டு, சேமிப்பைத் தனியாக வைத்துக்கொள்வது மலிவு.

தொடங்கும் முன்

கையில் மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாமல் என்பிஎஸ்-ல் போட வேண்டாம். மூன்று வருடத்துக்குப் பிறகுதான், அதுவும் நாம் போட்டதில் 25 சதவீதம் வரை மட்டும், படிப்பு, கல்யாணம், வீடு, சிகிச்சை மாதிரியான காரணங்களுக்கு எடுக்க முடியும். நகைக்கடனோ கந்துவட்டிக் கடனோ இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். எந்த முதலீடும் கந்துவட்டியைவிட வேகமாக வளராது.

அதன் பிறகு சம்பளம் வரும் மறுநாளே வங்கியிலிருந்து தானாகப் போகும்படி போட்டுவிட்டால் போதும். 18 ஆயிரம் சம்பளத்தில் 2,000 முடியாவிட்டால் 500 ரூபாயிலும் தொடங்கலாம். தேர்வுப் பக்கம் வரும்போது எல்சி 75 என்று இருக்கும் கட்டத்தைத் தேடிப் பார்க்க வேண்டும், அது தானாக வந்து நிற்காது.